பாதியில் கிடக்கும் ஸ்வெட்டரையும் பிளவுஸையும் முடிப்பது எப்படி

குன்னூரில் எங்கள் வீட்டின் முன்னறை கண்ணாடி அடைத்தது. சனிக்கிழமை பிற்பகலில் அங்கே ஏழெட்டுப் பெண்கள் தையலும் பின்னலும் கற்க வருகிறார்கள். நான் அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் இரண்டும் முடித்து 19 ஆண்டுகள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவள். அதனால் எல்லோருக்கும் இன்னும் டீச்சர்தான்.

போன ஆவணியில் ஒரு பெண் துணிப்பையிலிருந்து மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய ஒரு துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "டீச்சர், இதை ஆரம்பித்தபோது பையன் எல்.கே.ஜி. இப்போது இரண்டாம் வகுப்பு" என்றார். ஸ்வெட்டரின் பின்பக்கம். எண்ணிப் பார்த்தேன். 46 வரிசை. கண்ணிகள், அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்கள், ஒரே அளவாக, அவ்வளவு சுத்தமாக இருந்தன. கை வராதவர் பின்னியதல்ல அது. சோம்பேறி பின்னியதும் அல்ல.

"எத்தனையாம் நம்பர் ஊசி?" தெரியவில்லை. ஊசியைக் கழற்றி வேறு எதற்கோ எடுத்துவிட்டு, கண்ணிகளைப் பெரிய சேஃப்டி பின்னில் மாற்றியிருந்தார். "கை வளைவு எத்தனையாவது வரிசையில்?" ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தாராம், சீட்டைக் காணோம். "இந்த மூன்று வருடத்தில் எத்தனை தடவை கையில் எடுத்திருப்பீர்கள்?" என்று கேட்டேன். பத்துப் பதினைந்து தடவை இருக்கும் என்றார். ஒவ்வொரு தடவையும் எங்கே விட்டோம் என்று கண்டுபிடிப்பதற்குள் குழந்தை எழுந்துவிடும், அல்லது குக்கர் கூப்பிட்டுவிடும்.

வீட்டு வேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் நமக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அந்த அரை மணியில் இருபது நிமிடம் தேடலில் போனால் வேலை எப்படி நகரும்? நேரம் போதாமல் நின்றுபோன வேலைகளை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். எழுந்தபோது சரியாக நிறுத்தாததால் நின்றுபோனவைதான் அதிகம். ஆகவே எப்படி ஆரம்பிப்பது என்பதைச் சொல்லிவிட்டு, எப்படி நிறுத்துவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு

"ஒரு ஸ்வெட்டர் பின்ன வேண்டும்" என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மலைப்பாக இருக்கும். அதை நாளாக மாற்றிவிடுங்கள். அந்தப் பையனையே எடுத்துக்கொள்வோம். ஏழு வயது, மார்பு 25 அங்குலம். உள்ளே சட்டை போட வேண்டும், அடுத்த ஆண்டும் போட வேண்டும். ஆகவே ஸ்வெட்டரின் சுற்றளவு 28 அங்குலம். பின்பக்கம் மட்டும் 14 அங்குலம்.

இப்போது மாதிரித் துண்டு. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. தயவுசெய்து தாண்டாதீர்கள். 8ஆம் நம்பர் ஊசியில், அதாவது 4 மில்லிமீட்டர் ஊசியில், 30 கண்ணி ஏற்றி 5 அங்குல உயரம் பின்னுங்கள். அலசிக் காயவைத்து, ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 4 அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். என் கைக்கு நடுத்தர கனமுள்ள நூலில் 22 கண்ணி, 30 வரிசை வரும். ஓர் அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி, ஏழரை வரிசை. அப்படியானால் பின்பக்கத்துக்கு 77 கண்ணி. கீழ் பார்டரில் நிட் என்னும் நேர்க் கண்ணி இரண்டு, பர்ல் என்னும் எதிர்க் கண்ணி இரண்டு என்று மாறி மாறிச் சரியாக அமைய 78 என்று வைத்துக்கொள்கிறேன்.

கை தளர்வானவர்களுக்கு அதே ஊசியில், அதே நூலில் அங்குலத்துக்கு ஐந்து கண்ணிதான் வரும். அவர்களும் 78 கண்ணி ஏற்றினால் ஸ்வெட்டர் 31 அங்குலத்துக்கு மேல் போய்விடும். அரைக் கண்ணி வித்தியாசத்துக்கு, கிட்டத்தட்ட மூன்று அங்குலம்! பாதி பின்னிய பிறகு இது தெரிய வந்தால் யாருக்குத்தான் மறுபடி எடுக்க மனம் வரும்? அப்படிப்பட்டவர்கள் ஒரு நம்பர் சிறிய ஊசிக்கு மாறலாம். நம்மூர் நம்பரில் எண் கூடக் கூட ஊசி மெலிந்துகொண்டே போகும். 8க்கு அடுத்தது 9. பார்டருக்கு 10ஆம் நம்பர், 3.25 மில்லிமீட்டர்.

நீளம் 16 அங்குலம் என்றால் 120 வரிசை. 78 கண்ணி கொண்ட ஒரு வரிசைக்குப் புதிதாகக் கற்றவர்களுக்கு 6 நிமிடம் ஆகும். அரை மணியில் 5 வரிசை. ஆக, பின்பக்கம் 24 நாள். முன்பக்கமும் அதே. இரண்டு கைகளையும் சேர்த்துப் பின்ன இன்னொரு 24 நாள். கழுத்துக்கும் இணைப்புக்கும் ஒரு வாரம். செப்டம்பர் முதல் வாரத்தில் கண்ணி ஏற்றினால் நவம்பர் கடைசியில் ஸ்வெட்டர் கையில் இருக்கும். டிசம்பர் பனிக்குப் பையன் போட்டுக்கொள்வான்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலருக்கு முகம் மலர்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்தே வரிசை! இன்றைக்கு ஐந்து முடித்தால் இன்றைய வேலை முடிந்தது. மனம் நிறைவாகவே எழுந்திருக்கலாம்.

நூலை மொத்தமாக வாங்கிவிடுங்கள். இந்த அளவுக்கு 300 கிராம் போதும். உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் நிற எண்ணோடு லாட் எண்ணும், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்ணும், இருக்கும். எல்லா உருண்டையிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே மெரூன் என்று கடையில் தோன்றுவது, இரண்டு லாட் என்றால் ஸ்வெட்டரின் நடுவில் கோடாகத் தெரியும். நூல் தீர்ந்து, அதே லாட் கிடைக்காமல் நின்ற வேலைகளை வருடத்துக்கு இரண்டு மூன்றாவது பார்க்கிறேன்.

பிளவுஸை ஏழு தடவையாகப் பிரியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மாலைக்குள் ஒரு லைனிங் பிளவுஸை முடித்துவிடலாம் என்பது கடைத் தையல்காரருக்குச் சரி. அவருக்கு யாரும் நடுவில் தோசை கேட்பதில்லை. வீட்டில் தைப்பவர்கள் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் வெட்டிய துணி பையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் ஏழு தடவையாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் தடவை நனைத்தல் மட்டும். லைனிங் பருத்தி என்றால் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் காயவைத்து இஸ்திரி போடுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேல் துணி அங்கங்கே உப்பிக்கொண்டு நிற்கும். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் இது காய இரண்டு நாள் ஆகும். ஆகவே தைக்கும் எண்ணம் வந்த அன்றே நனைத்துவிட வேண்டும். சிவப்பு, மெரூன், கருநீலம் என்றால் ஒரு மூலையை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த லைனிங்கை வெளிர் நிறப் பட்டுக்குக் கீழே வைக்க வேண்டாம். மேல் துணி பட்டாக இருந்தால் அதை நனைக்கக் கூடாது.

இரண்டாவது, வெட்டுதல். அளவு பிளவுஸை வைத்து அளவெடுத்து, தையல் சாக்பீஸால் வரைந்து, வெட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம். இந்த ஒரு தடவைக்கு மட்டும் யாரும் குறுக்கிடாத நேரம் தேவை. இரவு ஒன்பது மணிக்கு மேல் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். தையல் தவறினால் பிரிக்கலாம். வெட்டு தவறினால் துணி வாங்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். பிளவுஸ் கையின் மேல் வளைவு முன்னால் சற்று ஆழமாகவும் பின்னால் சற்று மேடாகவும் இருக்கும். ஆகவே வலக்கை வேறு, இடக்கை வேறு. துணியை நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்து இரட்டையாக வெட்டினால் வலமும் இடமும் தானாக வந்துவிடும். ஆனால் பார்டர் உள்ள துணியில் பார்டர் கையின் விளிம்பில் வர வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றாக வெட்டுவோம். அப்போதுதான் ஆபத்து. என் தங்கை திருமணத்துக்கு எடுத்த பச்சைப் புடவையின் பிளவுஸுக்கு நான் இப்படி வெட்டியபோது, காகித மாதிரியைத் திருப்பிப் போட மறந்து இரண்டு வலக்கைகளை வெட்டிவிட்டேன். மிச்சத் துணி நான்கு விரல் அகலம்கூட இல்லை. அன்றைக்கு அதைச் சுருட்டி பீரோவில் வைத்தவள் இரண்டு வருடம் எடுக்கவே இல்லை. பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது.

இப்போது மாதிரியை எடுப்பதற்கு முன்பே முன் வளைவில் சாக்கால் "மு" என்று எழுதிவிடுகிறேன். இரண்டு கைகளையும் நல்ல பக்கம் மேலே தெரிய மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு "மு"வும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். காகிதத்தை முதலில் இப்படி வைத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் கத்தரிக்கோல்.

வெட்டியதும் எல்லாத் துண்டுகளையும், கழுத்தோரத்துக்குக் குறுக்காக வெட்டிய கிராஸ் பீஸ் உட்பட, ஒன்றாக வைத்து, மிச்சத் துணியிலேயே ஒரு நாடா கிழித்துக் கட்டிவிடுங்கள். ஹூக், அதே நிற நூல்கண்டு, காகித மாதிரி எல்லாம் அந்தக் கட்டுக்குள்ளேயே போக வேண்டும்.

மூன்றாவது தடவை லைனிங்கையும் மேல் துணியையும் சுற்றிலும் இணைத்து, டாட் என்னும் சிறு மடிப்புகளைப் பிடிப்பது. நான்காவது, இடுப்புப் பட்டியும் ஹூக் பட்டியும். ஐந்தாவது, தோள் இணைத்துக் கழுத்துக்குக் கிராஸ் பீஸ் கொடுப்பது. ஆறாவது, கை வைத்துப் பக்கம் மூடுவது. பக்கத்தில் ஒன்றரை அங்குலமாவது உள்ளே விடுங்கள், பின்னால் பிரித்துக்கொள்ள உதவும். இவை ஒவ்வொன்றும் முப்பது, நாற்பது நிமிட வேலைதான். ஏழாவது கைவேலை, அதாவது கழுத்து ஹெம்மிங், ஹூக், ஹூக் மாட்ட நூலில் கட்டும் கண்ணி. இதற்கு மெஷின் வேண்டாம். அடுப்பில் பருப்பு வேகும்போதும், பேருந்து நிலையத்தில் காத்திருக்கும்போதும் செய்யலாம். நான் கோயம்புத்தூர் போகும்போது கைவேலையை எடுத்துப்போவேன். ஆனால் மேட்டுப்பாளையம் தாண்டும்வரை பையைத் திறக்க மாட்டேன். மலை வளைவுகளில் ஓடும் பஸ்ஸில் ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாக. அதை மூடித் துணி போர்த்தி, மேலே பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருக்கும் வீட்டில் எதுவும் முடியாது. திறந்தபடி, நூல் கோத்தபடி இருக்கட்டும். தைக்கப்போகும் நிறத்தில் இரண்டு பாபின், வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று முன்கூட்டியே சுற்றி வையுங்கள். பருத்திக்கு 14ஆம் நம்பர் ஊசி, மெல்லிய பட்டுக்கு 11. மழுங்கிய ஊசி பட்டில் இழை இழுக்கும். ஊசி விலையைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். அதே துணியின் மிச்சத்தை லைனிங்கோடு சேர்த்து வைத்து நான்கு அங்குலம் தைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எழுந்திருப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

எனக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தவர் பெரியம்மா. பெரியப்பாவுக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. அவர் வேலை முடிந்து வருவதற்கு முன் பெரியம்மாவுக்குக் கிடைப்பது சாயங்காலம் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் ஐந்து பிள்ளைகளுக்கும் பின்னிப் போட்டார். அவர் கடைசி ஐந்து நிமிடத்தைப் பின்னலுக்குத் தரவே மாட்டார். வரிசையை முடிப்பார், எண்ணுவார், எழுதுவார், சுருட்டுவார். இன்னும் இரண்டு கண்ணிதானே என்று நாங்கள் கெஞ்சினாலும் கேட்க மாட்டார்.

அதைத்தான் நானும் சொல்கிறேன். வரிசையின் நடுவில் எழுந்திருக்காதீர்கள். நடுவில் விட்டால் அந்த இடத்துக் கண்ணி இழுபட்டுப் பெரிதாகி, அலசினாலும் போகாத குழியாக நிற்கும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்பதும் மறந்துவிடும். வரிசையை முடித்து, ஊசி முனையில் ரப்பர் பேண்டை நாலு சுற்று சுற்றுங்கள். கண்ணி வழுவாது.

பிறகு சீட்டு. என் பையில் இருக்கும் சிறிய நோட்டில் போன வாரம் எழுதியது இது: "வெள்ளி. பின்பக்கம். 8ஆம் நம்பர். 78 கண்ணி. 61 முடிந்தது. அடுத்தது பர்ல். கை வளைவு 76 முடிந்ததும்." அவ்வளவுதான். திங்கட்கிழமை இருட்டில் எழுந்து டீ வைத்துவிட்டு உட்கார்ந்தாலும் யோசிக்க வேண்டியதில்லை. நோட்டு தொலைந்தாலும் பதற வேண்டாம். சாதாரணப் பின்னலில் இடக்கை ஊசியில் உங்களைப் பார்த்திருக்கும் பக்கம் சடை போல வழுவழுப்பாக இருந்தால் அடுத்தது நிட். முண்டு முண்டாக இருந்தால் பர்ல்.

ஊசி நம்பரை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மகளுக்கு ஒரு மெரூன் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன். நாத்தனாருக்குக் குழந்தை பிறந்தது. காலுறை பின்ன அவசரமாக ஊசியை உருவினேன். மழை முடிந்து திரும்ப எடுத்தபோது 8க்குப் பதில் 9ஐக் கோத்துவிட்டேன். ஐந்து அங்குலம் பின்னிய பிறகு, பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் அந்த இடத்திலிருந்து மேலே பின்னல் இறுகியிருப்பது தெரிந்தது. ஐந்து அங்குலத்தையும் பிரித்தேன். ஆகவே ஒரு வேலைக்குக் கொடுத்த ஊசியை அந்த வேலை முடியும்வரை உருவாதீர்கள். இன்னொரு ஜோடி வாங்கிவிடுங்கள். அந்த ஜோடியின் விலையைவிட உங்கள் ஐந்து அங்குலம் மதிப்பானது.

தையலுக்கும் இதே முறைதான். பக்கம் மூடும் வேலை நாளைக்கு என்றால், எழுந்திருப்பதற்கு முன் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பெரிய ஓட்டுத் தையல் போட்டு, மெஷினின் பாதத்துக்குக் கீழேயே வைத்துவிட்டு எழுந்திருங்கள். நாளைக்கு மெஷினில் காலை வைத்தால் வேலை ஓடும். குண்டூசி குத்தி நிறுத்தி வைக்காதீர்கள். ஈரக் காற்றுள்ள ஊரில் இரண்டு வாரத்தில் குண்டூசி துருப்பிடித்து, துணியில் பழுப்புப் புள்ளி விழும். அந்தக் கறை எளிதில் போகாது.

ஒருமுறை நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண் ஒருவர் பூவேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, இழைகளை எண்ணியே போடுகிறார்கள். யாரோ கூப்பிட்டார்கள். அவர் உடனே எழுந்திருக்கவில்லை. அந்த வரியை முடித்து, அடுத்த வரிக்கு இழையை எண்ணி, ஊசியைச் சரியாக அந்த இடத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்தார். திரும்பி வந்தவர் எண்ணவே இல்லை. ஊசியை இழுத்தார், வேலை தொடர்ந்தது. பெரியம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

காவல் நூல்

கை வளைவு, கழுத்து, பூப்பின்னல் ஆரம்பம் போன்ற இடங்களில் பயம் வரும். தவறிவிடுமோ என்று பயந்து அந்த வரிசைக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள். பையில் கிடக்கும் ஸ்வெட்டர்களை எடுத்துப் பாருங்கள், பல கை வளைவுக்கு ஒன்றிரண்டு வரிசை முன்னால் நிற்கும்.

அதற்கு இதைச் செய்யுங்கள். முனை மழுங்கிய தையல் ஊசியில் வேறு நிறப் பருத்தி நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். மெரூன் ஸ்வெட்டருக்கு வெள்ளை. 76ஆவது வரிசை முடிந்ததும், பின்னல் ஊசியில் இருக்கும் கண்ணிகள் ஒவ்வொன்றின் உள்ளேயும், ஊசிக்கு ஒட்டினாற்போல் கீழே, அந்த நூலை நுழைத்துக்கொண்டே போங்கள். 78 கண்ணியிலும் நுழைய வேண்டும், ஒன்றும் விடக் கூடாது. இரு முனையிலும் ஆறு அங்குலம் தொங்கவிடுங்கள். இனி வழக்கம்போல் பின்னுங்கள். பருத்தி நூலைக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மேலே எது தவறினாலும் ஊசியை முழுதாக உருவிவிட்டு, பின்னும் கம்பளி நூலை இழுங்கள். பின்னல் சரசரவென்று பிரிந்து வந்து அந்த வெள்ளை நூலில் நின்றுவிடும். அதற்குக் கீழே ஒரு கண்ணிகூடப் போகாது. வெள்ளை நூல் போன வழியே ஊசியை நுழைத்து மறுபடி ஆரம்பிக்கலாம். முதல் தடவை இதைச் செய்து காட்டும்போது ஊசியை உருவியதும் எல்லோரும் பதறிவிடுவார்கள். நின்றதைப் பார்த்த பிறகு அந்தப் பயம் போய்விடும்.

தவறை ஒளித்து வைக்காதீர்கள்

இரண்டு வலக்கைப் பிளவுஸ் இரண்டு வருடம் பீரோவில் கிடந்ததற்கு உண்மையான காரணம் துணி அல்ல. என்ன செய்தால் அது சரியாகும் என்று அன்றைக்கே நான் முடிவு செய்யவில்லை. கடைசியில் ஒருநாள் தேவையைக் காகிதத்தில் எழுதினேன்: "கைக்கு 40 செ.மீ. துணி. அதே பச்சை கிடைக்காது. பார்டர் நிறமான அரக்கில் பார்க்க வேண்டும்." எழுதிய வாரத்திலேயே வாங்கிவிட்டேன். அரக்குக் கையோடு அந்தப் பிளவுஸ் நன்றாகவே அமைந்தது.

தவறு நடந்த அன்றைக்கே அதைச் சீட்டில் எழுதி, என்ன வாங்க வேண்டும் அல்லது எதைப் பிரிக்க வேண்டும் என்பதையும் எழுதி, வேலையோடு கட்டி வையுங்கள். மறுநாள் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. கட்டைத் திறக்கும்போது தவறு முதலில் முகத்தில் அடிக்காது. செய்ய வேண்டியது கண்ணில் படும்.

ஒரே நேரத்தில் எத்தனை வேலை எடுக்கலாம் என்று கேட்பார்கள். மெஷினில் ஒன்று, ஊசியில் ஒன்று. மூன்றாவது வேண்டுமானால் ஹெம்மிங் போன்ற சிறிய கைவேலையாக இருக்கட்டும். புது நூல் வாங்கும் ஆசை எனக்கும் உண்டு. வாங்கி வைக்கலாம், கண்ணி மட்டும் ஏற்றக் கூடாது.

இரண்டு கையும் ஒன்றாக

முன்னும் பின்னும் முடித்து ஒரு கையும் பின்னிய பிறகு, இரண்டாவது கை யாருக்கும் அலுத்துப்போகும். ஆகவே இரண்டையும் ஒரே ஊசியில் ஏற்றிவிடுங்கள். ஒரு கைக்கு 42 கண்ணி ஏற்றி, அந்த நூலை அப்படியே விட்டு, இரண்டாவது உருண்டையிலிருந்து இன்னொரு 42. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கையை அதன் நூலில் முடித்து, நூலை மாற்றி இரண்டாவதைப் பின்ன வேண்டும். கண்ணி கூட்டுவதும் குறைப்பதும் இரண்டிலும் ஒரே வரிசையில் நடப்பதால் நீளம் பிசகாது. நேர் ஊசியில் இடம் போதாது, நடுவில் கயிறு உள்ள வட்ட ஊசியில் பின்னுங்கள். உருண்டைகளை இரண்டு பக்கமும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தால் நூல் சிக்காது.

பிளவுஸிலும் கைகள் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஓரம் மடியுங்கள், டாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடியுங்கள்.

இணைப்பு நாள்

நான்கு துண்டும் பின்னி முடித்து, இணைக்காமல் போட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தமாக இருக்கும். இரண்டரை மாத உழைப்பு இரண்டு நாள் வேலைக்காகக் காத்திருக்கும். கடைசித் துண்டின் கண்ணிகளை மூடும் அன்றைக்கே இணைப்புக்கு ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் அலசி, துவாலையில் சுருட்டி அழுத்தி, தரையில் இன்னொரு துவாலை விரித்து அளவுப்படி இழுத்துப் படுக்கவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். அக்ரிலிக் நூல் என்றால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் பின்னல் உயிரற்றுத் துவண்டுவிடும், திரும்ப எழாது. காய்ந்ததும் அதே நூலில், பகல் வெளிச்சத்தில், தோளில் ஆரம்பித்து இணையுங்கள்.

அந்த மஞ்சள் ஸ்வெட்டரை என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. எல்.கே.ஜி. பையனுக்கு ஏற்றிய 62 கண்ணி இன்றைக்குப் போதாது. பிரித்துவிடச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நூல் எங்கும் போகவில்லை என்று சொல்லி, நாற்காலியின் முதுகில் சுற்றிச் சுற்றிப் பிரித்தோம். நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, சடையாக எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, கீழே ஒரு சிறிய டம்ளரைக் கட்டித் தொங்கவிட்டோம். மூன்றாம் நாள் அலை அலையாக இருந்த நூல் நேராகிவிட்டது. புதிய உருண்டைகளின் லாட்டும் பழையதும் ஒன்று என்பது அதிர்ஷ்டம். அவர் மீதி நூலைக் காகிதத்தோடு பத்திரமாக வைத்திருந்தார்.

மாதிரித் துண்டு பின்னினார். அவர் கைக்கும் 22 கண்ணி. 78 ஏற்றினார். போன சனிக்கிழமை பையைத் திறந்தபோது 38 வரிசை இருந்தது. ஊசியில் ரப்பர் பேண்ட், நூலுருண்டையில் குத்திய சீட்டில் "அடுத்தது நிட்".